ஈச்சிலம்பற்றிலிருந்து கதிர்காமத்துக்குக் கூட்டாளியோடு நடக்கப் போகிறீர்களா?

ஆடிவேல் விழாவுக்காகத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் புறப்படும் பாதயாத்திரை அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மூதூர் கடந்து எங்கள் பகுதிக்கு வருவார்கள். வெருகல் சித்திரவேலாயுதரைக் கும்பிட்டுவிட்டு வாகரைப் பக்கம் இறங்குவார்கள். அவர்களோடு சேர்ந்துகொள்ள ஒவ்வொரு வருடமும் நம்மூர்ப் பெண்கள் இரண்டு பேர், மூன்று பேராக ஆயத்தமாகிறார்கள். இந்தக் குறிப்புகள் அவர்களுக்கு.

1. பயண நாட்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். உகந்தை முருகன் கோயிலுக்கு அப்பால் குமணை, யால காட்டுப் பாதை வருடம் முழுக்கத் திறந்திருப்பதில்லை. கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டிச் சில நாட்களுக்கே திறப்பார்கள். திறக்கிற, மூடுகிற திகதிகளை அதிகாரிகள் கூடி முடிவு செய்து அறிவிப்பார்கள். அந்தத் திகதி தெரிந்த பிறகு வீட்டிலிருந்து புறப்படும் நாளைக் குறியுங்கள். வழியில் கால் ஆற இரண்டு மூன்று நாள் மிச்சம் இருக்கட்டும்.

2. கூட்டாளியைத் தெரிவு செய்யும்போது நட்பை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை மணிக்கு எழும்புவா, வெயிலில் எவ்வளவு தாங்குவா, என்ன மருந்து குடிக்கிறா என்பதெல்லாம் இருவருக்கும் ஒளிவுமறைவில்லாமல் தெரிய வேண்டும். மெதுவாக நடப்பவர் எப்போதும் முன்னுக்குப் போகட்டும். வேகமானவர் முன்னுக்குப் போனால் பின்னால் வருபவர் மூச்சுவாங்க ஓடுவார், களைப்பையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

3. ஒத்திகை கட்டாயம். வீட்டிலிருந்து வெருகல் கோயில்வரை போய்வர, முதலில் வெறுங்கையோடும் பிறகு பையைச் சுமந்தும் நடந்து பாருங்கள். இலங்கைத்துறை முகத்துவாரக் கடற்கரை மணலிலும் ஒரு நாள் நடவுங்கள். தார் றோட்டில் வலிக்காத கெண்டைக்கால் மணலில் வலிக்கும், அந்த வலியை ஊரிலேயே பழகிக்கொள்வது நல்லது.

4. கால்தான் எல்லாம்.
நகத்தைப் புறப்படுவதற்கு நாலைந்து நாள் முன்பே நேராக வெட்டுங்கள். கடைசி நாளில் வெட்டினால் ஓரத் தசை காயப்பட்டு வழியில் சீழ் பிடிக்கலாம். நாள் முழுக்க நடந்த பாதம் வீங்குவதால் செருப்பைப் பின்னேரத்தில் வாங்குங்கள், ஒரு மாதமாவது போட்டுப் பழகுங்கள். வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்திருப்பவர்கள் விடியலிலும் பின்னேரத்திலும் மட்டும் நடக்க வேண்டும். கச்சான் காற்றுக் காலத்தில் பத்து மணிக்கே தார் கொதிக்கும்.
பாதத்தில் ஓரிடம் எரிகிற மாதிரி இருந்தால் அது கொப்புளத்தின் முதல் அறிகுறி. “என்ன புள்ள, கால் எரியுதா?” என்று கூட்டாளி கேட்டால் “இல்ல இல்ல, நட” என்று மழுப்பாதீர்கள். அந்த இடத்திலேயே இருந்து, துடைத்து, பிளாஸ்ரர் ஒட்டுங்கள். கொப்புளம் வந்துவிட்டால் உடைக்க வேண்டாம். தானாக உடைந்தால் சவர்க்காரமும் சுத்தமான தண்ணீரும் விட்டுக் கழுவி, தோலை உரிக்காமல் மூடிக் கட்டுங்கள்.
சீனி வருத்தம் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே வேண்டாம். முள்ளுக் குத்தினாலும் அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். இரவில் ஒருவர் காலை மற்றவர் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள், விரலிடுக்கையும் விடாதீர்கள்.

5. கிளினிக் மருந்தை முழு யாத்திரைக்கும் சேர்த்து முன்கூட்டியே எடுங்கள். ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

6. பையில் பங்கு பிரிக்கலாம். கத்தி, ஊசி நூல், கயிறு, தறப்பாள், காயத்துக்கு மருந்து, பவர் பேங்க் எல்லாம் இருவருக்கும் ஒன்று போதும். தண்ணீர்ப் போத்தல், ரோச் லைற், விசில், அடையாள அட்டை ஆளுக்கு ஒன்று வேண்டும். கூட்டத்தில் பிரிந்துபோனால் பங்குப் பொருள் மற்றவரிடம்தான் இருக்கும்.

7. நீரிழப்புக்கு ஜீவனிப் பைக்கற் கொஞ்சம் வைத்திருங்கள். கைவசம் இல்லையென்றால் கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்டக் கூடாது. கலக்கியதை மறுநாளைக்கு வைக்காமல் ஊற்றிவிடுங்கள்.

8. உகந்தைவரை சட்டி பானை தூக்க வேண்டாம். வழியெங்கும் ஊர்ச்சனம் அன்னதானம் கொடுக்கும், கோயில் மடங்களில் படுக்கலாம். காட்டுக்குள் கடை இல்லாததால் அந்த நாட்களுக்குப் பொரிமா நல்லது. அரிசியையும் பயறையும் தனித்தனியே சிவக்க வறுத்து இடித்து, வறுத்த எள்ளும் சீனியும் கலந்து காற்றுப் போகாத டப்பாவில் அடையுங்கள். தேங்காய்ப்பூ சேர்க்காதீர்கள், சீக்கிரம் காறிப்போகும்.

9. உடுப்பு இரண்டு சோடி, பருத்தியில். மாற்றுச் சேலையே இரவில் போர்வை. பாய் வேண்டாம், தறப்பாள் போதும்.

10. மாதவிலக்கு நாள் எப்போது வரும் என்று கூட்டாளிக்கும் சொல்லிவையுங்கள். கோயிலுக்குள் போவதா இல்லையா என்பது உங்கள் மனசு. ஆனால் வேண்டிய துணியோ நாப்கினோ வீட்டிலிருந்தே போகட்டும். பாவித்ததைக் காட்டில் எறியாமல் இறுகக் கட்டி வெளியே கொண்டுவர ஒரு தனிப்பையும் எடுங்கள்.

11. முதல் நாள் அதிகம் நடக்காதீர்கள். வெருகலில் கும்பிட்டுக் கதிரவெளியில் தங்கினாலே போதும். மறுநாள் வாகரை, பிறகு பனிச்சங்கேணி. முதல் நாள் உற்சாகத்தில் வாகரை வரை ஓடுகிறவர்கள் மூன்றாம் நாள் நொண்டுவதை நிறையப் பார்க்கலாம். யானை நடமாட்டம் உள்ள பகுதிகளில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகே கிளம்புங்கள். இருட்டில் இரண்டு பேர் தனியே நடக்க வேண்டாம், குழுவோடு ஒட்டுங்கள். றோட்டில் வாகனம் எதிரே வரும் வலக்கரையாக, ஒருவர் பின் ஒருவராக நடவுங்கள். எங்கே நிற்கிறோம் என்று வீட்டாருக்குப் பின்னேரத்தில் ஒரு அழைப்பு எடுங்கள்.

12. 1990 இலவச அம்புலன்ஸ் இலக்கத்தை இருவர் போனிலும் பதியுங்கள், ஒரு துண்டிலும் எழுதிப் பையில் போடுங்கள்.

13. தொடர்வதா திரும்புவதா என்ற முடிவை உகந்தையில் எடுங்கள். அதுவரை பஸ் ஏறி ஊர் திரும்ப வழி உண்டு: மட்டக்களப்பு, பொத்துவில், கடைசியாகப் பாணமை. உகந்தைக்குப் பிறகு குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று காடுதான், போன் சிக்னலையும் நம்ப முடியாது. உகந்தையில் ஒரு நாள் இருந்து, இருவரும் செருப்பைக் கழற்றிக் கால்களைக் காட்டுங்கள். ஒருவருக்குக் காலில் சீழோ, உடம்பில் காய்ச்சலோ இருந்தால் அவரைத் தனியே அனுப்பாதீர்கள். மற்றவரும் கூட வந்து, பஸ்ஸில் கதிர்காமம் போய்க் கொடியேற்றத்தைச் சேர்ந்தே பாருங்கள்.