தாவர ஆய்வுப் பயணங்களும் நாட்டுக் கனிகளும்

ஹைதராபாத்தை அடுத்த மாதாப்பூர், ஒரு காலத்தில் பாறைக் குன்றுகளும் புதர்க்காடும் சூழ்ந்த சிற்றூராக இருந்தது. 1998-ல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டபின் அது கணினித் தொழில் நகராயிற்று. இத்தகைய மாற்றத்திற்கு முன்னரே நிலத்தின் தாவரங்களைப் பதிவு செய்ய உதவுவது தாவர ஆய்வுப் பயணமாகும்.

இதன் பயனைப் பாலை மரத்தின் வரலாறு விளக்கும். சோழமண்டலக் கரையின் தாவரங்களைத் திரட்டிய வில்லியம் ராக்ஸ்பரோ, 1795-ல் வெளிவரத் தொடங்கிய தமது நூலில் இதனை விவரித்தார். சிறு மஞ்சள் கனி தரும் இக்காட்டு மரமே, அமெரிக்காவிலிருந்து வந்த சப்போட்டாவை ஒட்டுக் கட்டுவதற்கு ஏற்ற வேர்ச்செடியாக இன்று பயன்படுகிறது. பீடி இலைக்காக மட்டுமே பலரும் அறிந்த கருந்தும்பியின் கனியும் உண்ணத்தக்கதே.

ஆய்வாளர் பூக்கும் பருவத்தில் ஒரு முறையும், கனி முதிரும் பருவத்தில் மறுமுறையும் செல்லுதல் வேண்டும். மலரின்றி இனத்தை உறுதி செய்தல் கடினம். கனியின்றி விதை கிட்டாது. ஆடு மேய்ப்போரும் பழங்குடி மக்களும் கூறும் பெயர், சுவை, பயன் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

உலர்மாதிரி இனத்திற்குச் சான்றாகும். ஆனால் அதிலிருந்து மரத்தை மீண்டும் வளர்க்க இயலாது. எனவே நிலத்தைத் திருத்தும் முன்னரே விதைகளையும் திரட்டி, ஹைதராபாத் இராஜேந்திர நகரிலுள்ள தேசியத் தாவர மரபுவளப் பணியகத்தின் மண்டல நிலையம் போன்றவற்றிடம் ஒப்படைத்தல் திட்டப் பணியின் ஓர் அங்கமாதல் வேண்டும்.