ஓட்டக் கணக்கு

மும்பையில் தாராவி என்ற பகுதி உள்ளது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. சில குடும்பங்களுக்கு இட்லி வியாபாரம்தான் தொழில். விடியும் முன்பே எழுந்து இட்லி அவிப்பார்கள். பிறகு தெருத் தெருவாகக் கொண்டு போய் விற்பார்கள்.

அங்கே ஓர் அம்மா இருந்தார். எல்லோரும் அவரை இட்லிக்கார அக்கா என்று அழைப்பார்கள். அவர் 40 வயதுக்கு மேல்தான் எழுதப் படிக்கக் கற்றார். கற்றதும் ஒரு கணக்கு நோட்டுப் போட்டார். அரிசி எவ்வளவு, உளுந்து எவ்வளவு, விற்றது எவ்வளவு, மீந்தது எவ்வளவு என்று தினமும் எழுதினார். திங்கட்கிழமைகளில் இட்லி மீந்து போவது அப்போதுதான் தெரிந்தது. அந்த நாளில் மாவைக் குறைத்தார். நட்டம் குறைந்தது.

அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகளுக்கு வயது 19. மகாராஷ்டிரக் காவல் துறையில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு எழுத்துத் தேர்வு மட்டும் போதாது. உடல் திறன் தேர்வும் உண்டு. பெண்கள் 800 மீட்டர் ஓட வேண்டும். 100 மீட்டர் ஓட வேண்டும். 4 கிலோ குண்டு எறிய வேண்டும். விரைவாக ஓடினால் அதிக மதிப்பெண் கிடைக்கும்.

அவள் தோழிகளுடன் சிவாஜி பார்க் மைதானத்துக்குப் போய் ஓடினாள். இரண்டு மாதம் ஆயிற்று.

“போன மாசத்தை விட இப்ப வேகமா ஓடுறியாம்மா?” என்று அம்மா கேட்டார்.

“வேகமாத்தான் ஓடுற மாதிரி தோணுதும்மா.”

“எனக்கும் தினமும் லாபம் வர்ற மாதிரிதான் தோணிச்சு. எழுதிப் பார்த்த பிறகுதானே உண்மை தெரிஞ்சுது? நீயும் எழுது.”

மகள் சிரித்தாள். “ஓடுறதுக்கு எதுக்கும்மா நோட்டு? நோட்டா ஓடப் போகுது?”

“நோட்டு ஓடாது. ஆனா நீ எங்கே நிக்கிறேன்னு காட்டும்.”

மகள் யோசித்தாள். ஓட்டப் பந்தயத்தில் ஒவ்வொரு விநாடிக்கும் மதிப்பு உண்டு. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கேரளத்தின் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடினார். அவர் எடுத்த நேரம் 55.42 விநாடி. மூன்றாவதாக வந்தவர் எடுத்த நேரம் 55.41 விநாடி. ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கில் பதக்கம் போயிற்று. இந்தக் கதை மகளுக்குத் தெரியும். இவ்வளவு சிறிய வேறுபாட்டை மனத்தால் அளக்க முடியுமா?

மறுநாள் ஒரு நோட்டு வாங்கினாள். தோழி கைப்பேசியில் நேரம் பார்த்துச் சொன்னாள். மாலையில் மகள் சொல்லச் சொல்ல அம்மாவே எழுதினார். ஒரு வாரக் கணக்கு இது:

திங்கள்: 800 மீட்டர், 3 நிமிடம் 38 விநாடி. தூக்கம் 7 மணி நேரம்.
புதன்: 3 நிமிடம் 52 விநாடி. தூக்கம் 4 மணி நேரம். இட்லி வேலை.
வெள்ளி: 3 நிமிடம் 36 விநாடி. தூக்கம் 7 மணி நேரம்.
ஞாயிறு: 3 நிமிடம் 55 விநாடி. தூக்கம் 4 மணி நேரம். இட்லி வேலை.

ஒரு வாரத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. அம்மா நான்கு வாரம் எழுதினார். நான்கு வாரமும் அப்படியே இருந்தது. புதனும் ஞாயிறும் இட்லி அதிகம் வேண்டும். அந்த நாள்களில் மகள் அதிகாலை 3 மணிக்கே எழுந்து உதவுவாள். பிறகு ஓடப் போவாள். அண்ணன் தூங்கிக்கொண்டு இருப்பான்.

அம்மா நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மகனைக் கூப்பிட்டார். “இதைப் படிடா” என்றார். மகன் படித்தான். தலை குனிந்தான். அடுத்த புதன்கிழமை 3 மணிக்கு அவன் எழுந்தான். மகள் தூங்கினாள்.

நோட்டு இன்னொன்றும் சொன்னது. ஆறாம் வாரம் மகள் ஓடும் தூரத்தைத் திடீரென இரண்டு மடங்கு ஆக்கினாள். மூன்றாம் நாளே முழங்காலுக்குக் கீழே வலி வந்தது. அதையும் அம்மா எழுதி வைத்தார். சில நாள் ஓய்வு எடுத்த பிறகு வலி போயிற்று. அதன் பின் மகள் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். மறுபடி வலி வரவில்லை.

பன்னிரண்டாம் வாரம் 800 மீட்டரை 3 நிமிடம் 19 விநாடியில் ஓடினாள். தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்னும் விநாடிகளைக் குறைக்க வேண்டும். எத்தனை விநாடி என்பது இப்போது அவளுக்குத் தெரியும்.

நோட்டு உடலுக்கு வலிமை தராது. பயிற்சி, உணவு, ஓய்வு இவைதான் வலிமை தரும். எது உதவுகிறது, எது தடுக்கிறது என்று நோட்டு காட்டும். உள்ளதை உள்ளபடி எழுதினால்தான் காட்டும்.

ஓடுபவருக்கு மட்டுமா இந்தக் கணக்கு? சர்க்கரை நோய் உள்ளவரை நடக்கும்படி மருத்துவர் சொல்கிறார். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடப்பது போன்ற உடற்பயிற்சி செய்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாம் எத்தனை நிமிடம் நடந்தோம்? எழுதிப் பார்த்தால் தெரியும்.

எப்படி எழுதலாம்?

1. தேதியும் கிழமையும் எழுதுங்கள்.
2. என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரம் அல்லது தூரம் என்று எழுதுங்கள்.
3. எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று எழுதுங்கள்.
4. வலி, காய்ச்சல் இருந்தால் எழுதுங்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.
5. மாதம் ஒரு முறை முதலிலிருந்து படித்துப் பாருங்கள்.

கலந்து பேசுவோம்

1. நோட்டைப் படித்த மகன் ஏன் தலை குனிந்தான்?
2. மகளுக்குக் கால் வலி ஏன் வந்தது?
3. உங்கள் வீட்டில் யார் முதலில் எழுகிறார்கள்? யார் கடைசியில் தூங்குகிறார்கள்? ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.