கரண்ட் போனாலும் மணி அடிக்க வேண்டும்

பள்ளியிலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ போனையும் நெட்வொர்க்கையும் புதிதாகப் போடும்போது எல்லோரும் முதலில் விசாரிப்பது வேகத்தைத்தான்: எத்தனை எம்பிபிஎஸ்? இந்த வேலையில் பழகிய அனுபவத்தில் நான் முதலில் கேட்கச் சொல்வது வேறொன்று: கரண்ட் போனால் இந்தப் போன் எத்தனை மணி நேரம் தாங்கும்? பழைய லேண்ட்லைன் காலத்தில் இதைக் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் அந்தச் செம்புக் கம்பியிலேயே வந்தது. ஊரே இருண்டு கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது. ஃபைபரில் ஒளி மட்டும்தான் வரும். கம்பியை மாற்றிய அன்றே போனுக்கு மின்சாரம் கொடுக்கும் பொறுப்பு எக்ஸ்சேஞ்சிடமிருந்து பள்ளிக்கு வந்துவிடுகிறது. அப்படி வந்ததை யாரும் ஹெச்.எம்.மிடம் எடுத்துச் சொல்வதில்லை.

வேகத்தைப் பற்றிக் கவலைப்பட இதில் அதிகமில்லை. இணையம் வழியாகப் போகும் ஒரு போன் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 100 கேபிபிஎஸ் போதும். ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசினாலும் 1 எம்பிபிஎஸ்தான். பிரச்சினை அலமாரி மேலே இருக்கிறது. ஆபீஸ் அறையைக் கவனித்துப் பாருங்கள்: யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் செருகியிருக்கும், ஃபைபர் பெட்டியின் சின்ன 12 வோல்ட் அடாப்டர் மட்டும் சுவர் பிளக்கில் தொங்கும். கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும், வெளி உலகத் தொடர்பு அறுந்துவிடும். ஃபைபர் பெட்டி, ஸ்விட்ச், அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஐந்தாறு போன்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஏறக்குறைய 50 வாட்தான் வரும். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி 1800 வாட்-மணி கொள்ளும். இழப்பையும் பேட்டரியின் வயதையும் கழித்துப் பாதியை மட்டும் கணக்கில் எடுத்தாலும் 18 மணி நேரம் ஓடும்.

‘எல்லார் கையிலும்தான் செல்போன் இருக்கிறதே, பள்ளிக்குத் தனியாக எதற்குப் போன்?’ என்ற கேள்வி நியாயமானது. அத்திபெலேயை வைத்தே பதில் சொல்கிறேன். கர்நாடகத்தின் ஆனேக்கல் தாலூகாவிலுள்ள இந்த எல்லை ஊரைத் தாண்டினால் தமிழ்நாட்டு ஓசூரின் ஜூஜூவாடி. நெடுஞ்சாலை ஒன்றுதான், ஆனால் தொலைத்தொடர்பு வட்டம் மாறுகிறது. 108, 112 கட்டுப்பாட்டு அறைகளும் மாறுகின்றன. எல்லையோரத்தில் செல்போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும் என்பது நம் கையில் இல்லை. அடுத்த மாநிலத்து அறைக்கு அழைப்பு போய்விட்டால், இடத்தை விளக்குவதிலேயே நிமிடங்கள் கரையும். 2023 அக்டோபர் 7 அன்று அத்திபெலே பட்டாசுக் கடையில் பிடித்த தீ, எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் எத்தனை இளைஞர்களைக் கொண்டுபோனது என்பது இந்த வட்டாரம் அறிந்தது. அப்படிப்பட்ட ஊரில் பள்ளிக்கு முகவரியோடு பதிவான ஓர் எண் அவசியம். இன்னொன்று: ஹெச்.எம்.மின் சொந்த எண்ணே பள்ளியின் எண்ணாக இருந்தால், அவருக்கு மாற்றல் வரும் அன்றே பெற்றோரிடம் இருக்கும் எண் பயனற்றதாகிவிடும்.

அடுத்தது, வெளி இணைப்புக்கு முதலில் பூஜ்யம் அழுத்தும் இன்டர்காம் பழக்கம். 2013-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு விடுதி அறையில் தாய் தாக்கப்பட்டபோது, ஒன்பது வயது மகள் அவசர உதவி எண்ணான 911-ஐ நான்கு முறை அழைத்தும் அழைப்பு போகவில்லை. வெளியே பேச முதலில் 9 அழுத்த வேண்டும் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. தாய் இறந்துபோனார். அவர் பெயரில் 2018-இல் வந்த ‘காரி சட்டம்’, இத்தகைய போன் அமைப்புகளில் 911 நேராகப் போக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நம் பள்ளி இன்டர்காமிலும் 112, 108 இரண்டும் பூஜ்யம் இல்லாமல் போகும்படி அமைக்கச் சொல்லுங்கள். அது செட்டிங்கில் செய்யும் வேலை, தனிச் செலவு இல்லை. செம்பை விட்டு மாறுவதே எளிதல்ல என்பதற்கும் வெளிநாட்டு உதாரணம் உண்டு: பிரிட்டன் தன் பழைய செம்புத் தொலைபேசிச் சேவையை 2025 இறுதியில் நிறுத்தத் திட்டமிட்டு, பிறகு 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போட்டது. முதியவர்களின் அவசர உதவிக் கருவிகள் புதிய இணைப்பில் செயலிழந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பணமும் நிபுணர்களும் நிறைந்த நாடே தடுமாறிய இடம் இது.

பணம் எங்கே என்பார்கள். பள்ளிகளைப் பற்றிய 2023-24 யூடைஸ் கணக்குப்படி நாட்டில் 53.9 சதவீதப் பள்ளிகளில்தான் இணையமே இருந்தது; அது கிடைத்தாலே பெரிது, பேட்டரிக்கு எங்கே போவது என்ற வாதத்தில் வலு உண்டு. ஆனால் முழு இன்வெர்ட்டர் வாங்க முடியாத பள்ளிக்கு, ஃபைபர் பெட்டிக்கும் ஒரு போனுக்கும் மட்டும் சிறிய ரூட்டர் யுபிஎஸ் போதும். அதற்கும் வழியில்லையென்றால் எம்பிபிஎஸ்ஸில் ஒரு படி குறைத்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. பேட்டரி சில ஆண்டுகளில் சாகும் என்பதும் உண்மை. அதனால்தான் அதன் மாற்றுச் செலவை ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும் என்கிறேன்.

கர்நாடகப் பள்ளிகளின் எஸ்.டி.எம்.சி. (பள்ளி மேம்பாட்டு, கண்காணிப்புக் குழு) உறுப்பினர்களுக்கும், தமிழ்நாட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேலை முடிந்தது என்று பில் வந்ததும் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். அரை மணி நேரம் கழித்து, பிள்ளைகள் கைக்கு எட்டும் போனிலிருந்து வெளியே ஓர் எண்ணை அழையுங்கள். அங்கே மணி அடித்தால் மட்டும் பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.