பிழை தவிர்ப்போம்

விழுப்புரம் மாவட்டத்தில், பிரம்மதேசத்திற்கு அருகில் உள்ளது எண்ணாயிரம். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், ஏறத்தாழ 1025இல், அங்கு 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி இயங்கியதைக் கல்வெட்டு கூறுகிறது. வாய்விட்டு ஓதிக் கற்ற காலம் அது. மாணவரின் பிழையை ஆசிரியர் கேட்டவுடன் திருத்த இயலும். இன்றைய தேர்வறையிலோ நம் பிழையை நாமே கண்டறிதல் வேண்டும்.

மேல்நிலைப் பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிப்பதற்கென முதல் 10 நிமிடங்கள் வழங்கப்படுகின்றன. அவற்றை வீணாக்குதலே முதற்பிழை. ‘எவையேனும் மூன்றனுக்கு விடை தருக’ என்னும் குறிப்பைக் காணாது ஐந்தனுக்கும் எழுதுவோர், பிற வினாக்களுக்குரிய நேரத்தை இழக்கின்றனர். விடை அறிந்தும் வினா எண்ணை மாற்றி எழுதுவோர் மதிப்பெண்ணை இழக்க நேரிடும்.

மொழிப்பிழை பொருளையே மாற்றிவிடும். ‘வேலை கொடுத்தான்’ என்பது பணி வழங்கியதைக் குறிக்கும். ‘வேலைக் கொடுத்தான்’ என்பது வேல் என்னும் படைக்கலத்தை அளித்ததைக் குறிக்கும். ஓர் ஒற்றே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். ‘மாடுகள் மேய்ந்தது’ என்பது ஒருமை பன்மை மயக்கம். ‘மாடுகள் மேய்ந்தன’ என்பதே சரி.

எனவே, இறுதியில் 10 நிமிடங்களை ஒதுக்கி, முதலில் வினா எண்களையும் பின்னர் ஒற்றுகளையும் சரிபார்த்தல் நன்று. தம் எழுத்தைப் பிறர் எழுத்தெனக் கருதிப் படிப்பவர்க்கே பிழை புலப்படும்.