ஏலத்துக்குப் போகும் மருமகனுக்கு



ராஜபாளையத்தில் மில் ஷிப்ட் முடிந்ததும் போன் போட்டு, "மாமா, பேப்பர்ல அடகு நகை ஏல விளம்பரம் வந்திருக்கு, போகலாமா?" என்று கேட்டாய். அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இந்தக் கடிதம்.

நீ வீடியோவில் பார்க்கும் அமெரிக்கக் கிடங்கு ஏலத்தில், வாடகை பாக்கி வைத்தவர் அறையின் கதவைத் திறந்து, வாசலில் நின்று பார்க்க மட்டும் விடுவார்கள். நம்மூரில் அதற்கு நிகர் அடகு நகை ஏலம். ஆனால் இங்கே அதிர்ஷ்டத்துக்கு வேலையில்லை. எடையும் மாற்றும் தெரிந்தவன்தான் பிழைப்பான்.

நகைப் பட்டறையில் உட்கார்ந்து சில வருஷம் ஆன பிறகும் நான் ஒரு முறை ஏமாந்தேன். கல் வைத்த அட்டிகை, சீட்டில் 24 கிராம். முழுவதும் 22 கேரட் தங்கம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு ஏலம் கேட்டேன். வீட்டுக்கு வந்து கல்லைப் பெயர்த்து, அரக்கைச் சுரண்டி எடுத்தால் தராசு 21 கிராம் காட்டியது. உருக்கிப் பார்த்தால் 21 கேரட். நான் நினைத்த சுத்தத் தங்கம் 21.98 கிராம், கைக்கு வந்தது 18.38 கிராம். போனது 3.6 கிராம். யாரும் என்னை ஏமாற்றவில்லை. மொத்த எடையைப் பார்த்தேன், நிகர எடையைக் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

ஆகவே, ஏலத்துக்கு முன் நகையைப் பார்க்க எப்போது விடுவார்கள் என்று கேட்டு, உரைகல் பிடிக்கத் தெரிந்த ஒருவரோடு போ. கொக்கி, திருகு, கல், அரக்கு எல்லாம் கழித்து எடை போடு. 2023 ஏப்ரலுக்குப் பின் கடையில் விற்கும் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி அடையாளக் குறியீடு இருக்கும். அடகுக்கு வருவதில் பழைய நகையே அதிகம். உரைத்துப் பார்க்காமல் கேட்காதே.

விலையைப் பற்றி ஒன்று. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைப்படி, நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையாமல்தான் குறைந்தபட்ச விலை வைக்க வேண்டும். இரண்டு தடவை ஏலம் போகாவிட்டால் 85 வரை இறங்கலாம். ஏலம் எடுக்கிற விலைமேல் 3 சதவீத ஜிஎஸ்டி. பாதி விலைக்குப் பவுன் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. உனக்கு உண்மையான லாபம் சேதாரமும் செய்கூலியும் மிச்சமாவதில் இருக்கிறது. தங்கச்சி கல்யாணத்துக்குப் போட நகை வேண்டுமென்றால் அது நல்ல லாபம்தான். மறுநாளே விற்கலாம் என்று போனால் வியாபாரிகளோடு உன்னால் போட்டி போட முடியாது.

உச்ச விலையை வீட்டிலேயே சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வை. "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று குரல் உயரும்போது கை தானாக உயரும். அப்போது அந்தச் சீட்டைத் தொட்டுப் பார்.

இன்னொன்று, இதை மறக்காதே. கடனும் வட்டியும் போக மிச்சம் வரும் தொகை, ஏழு வேலை நாளுக்குள் நகையை அடகு வைத்தவருக்கே திரும்ப வேண்டும் என்பதும் அதே நெறிமுறை. "நீ கேட்காதே, நான் எடுக்கிறேன், அப்புறம் பிரித்துக்கொள்ளலாம்" என்று ஓரமாக வந்து பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் அடித்துக் குறைக்கிற தொகை, மகளின் காலேஜ் பீஸுக்காகத் தோட்டைக் கழற்றிக் கொடுத்த யாரோ ஒரு தாயின் பணம். அந்தக் கூட்டில் சேராதே. நியாயமான விலைக்குக் கேள். கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு பஸ் ஏறு.

கிளம்புமுன் ஒரு வேலை. விளம்பரத்தில் பெரும்பாலும் கடன் எண்கள்தான் இருக்கும். உங்கள் வீட்டுப் பீரோவில் அம்மா வைத்திருக்கும் அடகுச் சீட்டை எடுத்து அந்த எண்களோடு ஒத்துப் பார். தவணைத் தேதியையும் பார். எண் ஒத்துப்போனாலோ தேதி நெருங்கியிருந்தாலோ, ஏலத்துக்கு வைத்த பணத்தில் முதலில் அதை மீட்டு வா.

அன்புடன்,
மாமா