ஒரே மாத்திரை, ரெண்டு உடம்பு

உத்திரமேரூர்ல ஒரே நாள்ல குடலிறக்க ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டு பேருக்கு டிரமடால் கொடுக்குறாங்கன்னு வெச்சுக்குவோம். ஒருத்தர் நிம்மதியா தூங்குறார். இன்னொருத்தர் விடிய விடிய வலியில துடிக்கிறார். "சும்மா நடிக்கிறார்"னு சொல்லிடாதீங்க! காரணம் மரபணுவாகவும் இருக்கலாம்.

டிரமடால், கோடீன் இரண்டையும் கல்லீரலில் உள்ள 'சிஒய்பி2டி6' என்ற நொதிதான் வீரியமான பொருளாக மாற்றுகிறது. கோடீன் மார்ஃபினாக மாறுவது இப்படித்தான். இந்த நொதி வேலை செய்யாதவருக்கு வலி சரியாகக் குறையாது. அதிவேகமாக மாற்றுபவருக்கோ மூச்சே அடங்கிப் போகலாம். சில குழந்தைகள் இறந்ததால், டான்சில் ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தைகளுக்குக் கோடீன் தரக்கூடாது என அமெரிக்காவின் எஃப்டிஏ 2013-இல் எச்சரித்தது. நம்ம பக்கத்துல, புதுச்சேரி ஜிப்மர் தமிழர்களிடம் இந்த மரபணுவை ஆராய்ந்திருக்கிறது.

பரிசோதனைக்குக் கொஞ்சம் ரத்தமோ எச்சிலோ போதும். மரபணு ஆயுசுக்கும் மாறாது. ஆனா தாலுகா ஆஸ்பத்திரியில இது வழக்கமா செய்யுற டெஸ்ட் இல்லை. அதுவரை நாம என்ன செய்யலாம்? வீட்ல யாருக்கு எந்த வலி மாத்திரை கேட்கல, எது ரொம்ப மயக்கிடுச்சுன்னு பேரோட எழுதி வைங்க. அடுத்த ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க மருந்து டாக்டர்கிட்ட காட்டுங்க. இந்த நொதியை நம்பாத மருந்துகளும் இருக்கு. அவர் மாத்திக் கொடுப்பார். நீங்களா மட்டும் டோஸ் கூட்டிடாதீங்க!