இரு மடங்கு என்றால் எவ்வளவு?

கேள்வி: 'இந்த மருந்தால் ஆபத்து இரு மடங்கு' என்று செய்தி போடுகிறார்களே, நம்பலாமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: 'எதற்கு இரு மடங்கு?' என்று முதலில் கேளுங்கள். 1995 அக்டோபரில், புதுவகைக் கருத்தடை மாத்திரைகள் சிலவற்றால் ரத்தக்கட்டு ஆபத்து இரு மடங்காகிறது என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. பல மருத்துவர்களுக்குக் குழுவின் எச்சரிக்கைக் கடிதம் போய்ச் சேருமுன்பே தொலைக்காட்சியிலும் நாளிதழ்களிலும் அதே பேச்சு. பதறிப்போன பெண்கள் பலர் மாத்திரையைப் பாதி அட்டையிலேயே நிறுத்திவிட்டார்கள். உண்மைக் கணக்கு என்ன தெரியுமா? பழைய மாத்திரை சாப்பிட்ட 7,000 பேரில் ஒருவருக்கு வந்தது, புதியதில் இருவருக்கு வந்தது. அவ்வளவுதான். மறு ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின. இத்தனைக்கும், கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம்! எனக்கு ஆறாத வேதனை இது.

செய்தி பொய்யில்லை. ஆனால் '7,000 பேரில் ஒருவர் என்பது இருவராகிறது' என்று எழுத ஒரு வரி போதுமே! அதை விட்டது சின்னப் பிழை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. நீங்களும் செய்தியில் அந்த வரியைத் தேடுங்கள். இல்லாவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை மாத்திரையை நிறுத்த வேண்டாம்.